தண்ணீர்ப் பாட்டிலில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும்

குழந்தை எதையோ குடித்துவிட்டது என்று பெற்றோர் பதறியடித்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது, உடன் வரும் உறவினர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குழந்தையைப் பார்த்துக்கொள்ளாமல் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" கேட்கப்படுபவர் பெரும்பாலும் தாய். அவரிடம் விடை இருப்பதில்லை, அழுகைதான் இருக்கிறது. மருத்துவர்களாகிய நாங்கள் அறிய விரும்புவது வேறு. அந்தத் திரவம் எந்தப் பாட்டிலில் இருந்தது? அதை அந்தப் பாட்டிலில் ஊற்றியவர் யார்? கடைக்காரரா, வீட்டுப் பெரியவரா? சிகிச்சைக்கும் இந்தக் கேள்வி உதவுகிறது. அடுத்த குழந்தையைக் காப்பதற்கும் உதவுகிறது. முதல் கேள்வியால் எவருக்கும் பயனில்லை.

ஒன்றரை வயதுக் குழந்தையை இருபத்து நான்கு மணி நேரமும் கண்கொட்டாமல் காவல் காக்க எந்தத் தாயாலும் இயலாது. அடுப்பில் பால் பொங்கும். வாசலில் யாரோ அழைப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் நடப்பதுதான் விபத்து. எனவே வீட்டில் நஞ்சுள்ள பொருள்களைப் பற்றிப் பேசும்போது கவனக்குறைவை முன்னிறுத்துவதை நாங்கள் ஏற்பதில்லை. அந்தப் பொருள் வைக்கப்பட்டிருந்த கலத்தை முன்னிறுத்த வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அந்தக் கலங்கள் எவை என்று கேட்டால் விடைகள் திரும்பத் திரும்ப வருபவையே. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், குளிர்பானப் பாட்டில், காலியான மதுப்புட்டி, ஊறுகாய் ஜாடி, அவசரத்துக்கு எடுத்த எவர்சில்வர் டம்ளர். நல்ல பாட்டிலைத் தூக்கி எறிய நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது சிக்கனம். அந்தச் சிக்கனத்தை நாங்கள் பழிக்கவில்லை. அதில் மீண்டும் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றுங்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் கழிப்பறை ஆசிட்டும் பூச்சிமருந்தும் ஊற்றாதீர்கள்.

சிறு குழந்தை எழுத்தை அறியாது. உருவத்தையும் நிறத்தையும் அறியும். தண்ணீர்ப் பாட்டிலில் இருப்பது அதற்குத் தண்ணீர். ஆரஞ்சு நிறத் திரவம் குளிர்பானப் பாட்டிலில் இருந்தால் அது குளிர்பானம். "அந்த நாற்றத்துக்கு யார் குடிப்பார்கள்?" என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். தாகமெடுத்த குழந்தை முகர்ந்து பார்த்துக் குடிப்பதில்லை. வாயில் வைத்து, ஒரு மிடறு இறங்கிய பிறகுதான் முகம் சுளிக்கிறது. கோடையில் இத்தகைய குழந்தைகளை நாங்கள் கூடுதலாகக் காண்பதற்குத் தாகமே காரணம். இது குழந்தைகளோடு நிற்பதும் இல்லை. கண்புரை உள்ள பாட்டி இரவில் எழுந்து விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் இருந்த பாட்டிலை எடுத்துக் குடிக்கிறார். வயலிலிருந்து வியர்த்து வந்தவர் வரப்பில் கிடந்த பாட்டிலைத் திறந்து கடகடவென்று விழுங்குகிறார். பூச்சிமருந்து மீதியை மதுப்புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் எத்தனை கொடியது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மண்ணெண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எரிவாயு அடுப்பு பரவிய பிறகு மண்ணெண்ணெய்ப் பயன்பாடு குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும் விளக்குக்கும், வண்டிச் சங்கிலி துடைக்கவும் அது இன்னும் வீட்டில் இருக்கிறது. பெயிண்ட் வேலைக்கு வாங்கிய தின்னரும் டர்பன்டைனும் உடன் இருக்கின்றன. இவை அனைத்தும் ஒரே குடும்பம். உடலில் செய்யும் கேடும் ஒன்றே. இவற்றால் வயிற்றுக்கு நேரும் தீங்கு ஒப்பீட்டளவில் சிறிது. நுரையீரலுக்கு நேரும் தீங்குதான் பெரிது. மண்ணெண்ணெய் தண்ணீரைப் போல எளிதில் ஓடிப் பரவும் தன்மையுடையது. குழந்தை விழுங்கும்போது புரையேறினால் சில துளிகள் மூச்சுக்குழாயில் இறங்கி, நுரையீரலின் நுண்ணறைகள் முழுவதும் படர்ந்து, அவற்றை உள்ளிருந்து விரிந்த நிலையில் வைத்திருக்கும் மெல்லிய படலத்தைக் குலைக்கின்றன. இருமல், வேகமான மூச்சு, காய்ச்சல் எனத் தொடங்கிச் செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலைவரை அது செல்லக்கூடும்.

இந்த நிலையில் வீட்டார் செய்யும் முதல் காரியம் வாந்தி எடுக்க வைப்பது. உப்புக் கரைசல், புளிக்கரைசல், சில இடங்களில் சாணக் கரைசல்கூடக் கொடுக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் அதைப் போல் தீங்கு வேறில்லை. வயிற்றில் கிடந்தால் பெரிய கேடு செய்யாத மண்ணெண்ணெய், வாந்தியாக மேலேறி வரும்போது இரண்டாம் முறை நுரையீரலுக்குள் புகுகிறது. இதே காரணத்தால்தான் மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு நாங்களும் பொதுவாக வயிற்றைக் கழுவுவதில்லை. "டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா படுக்க வைத்திருக்கிறார்" என்று குறைபடும் குடும்பத்தினர் இதை அறிய வேண்டுகிறோம். முதல் ஆறு மணி நேரம் குழந்தையின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பதே அங்கு முதன்மையான சிகிச்சை. மூச்சில் மாற்றம் தென்படாமலும் மார்பு எக்ஸ்ரே தெளிவாகவும் இருந்தால் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

ஆசிட், காஸ்டிக் சோடா ஆகியவற்றின் கதை இவ்வாறு ஒரு நாளில் முடிவதில்லை. காலையில் தெருவில் சைக்கிளில் "ஆசிட், பினாயில்" என்று கூவி வருபவரிடம் வாங்குகிறோம். அவர் தருவதும் பெரும்பாலும் பழைய தண்ணீர்ப் பாட்டிலில்தான். மேலே பெயர் இருக்காது, எச்சரிக்கை இருக்காது. அமில விற்பனையைப் பதிவேட்டில் குறித்து, வாங்குபவரின் அடையாளச் சான்றைக் கேட்டே விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் கட்டளையிட்டது. அந்தக் கட்டளை சைக்கிளின் பின்னிருக்கை வரை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இவ்வகைத் திரவம் உணவுக்குழாயில் பட்டால் உடனே புண்ணாகிறது. காஸ்டிக் சோடா போன்ற காரங்கள் திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழத்துக்கு இறங்குவதால் அமிலத்தைவிடக் கொடியவையாவதும் உண்டு. புண் ஆறும்போதுதான் உண்மையான துன்பம் தொடங்குகிறது. தழும்பு இறுகி, சில வாரங்களில் உணவுக்குழாய் சுருங்குகிறது. முதலில் சோறு இறங்காது, பிறகு இட்லி இறங்காது, கடைசியில் பாலும் தங்கித் தங்கி இறங்கும். அதை விரிவுபடுத்த மயக்க மருந்து கொடுத்து, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மீண்டும் மீண்டும் குழாய் செலுத்த வேண்டியிருக்கும். ஒரு வாய் திரவத்துக்கு ஒரு குழந்தைப் பருவம் விலையாகிறது.

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இதே துன்பத்தைத் தினமும் கண்ட மருத்துவர் ஒருவர் இருந்தார். ஃபிலடெல்ஃபியா நகரில் பணியாற்றிய தொண்டை மருத்துவ நிபுணர் செவாலியர் ஜாக்சன். உணவுக்குழாய்க்குள் பார்க்கும் கருவியைச் செம்மைப்படுத்தியவர்களில் அவர் முதன்மையானவர். அந்நாளில் அங்கே சோப்புக் காய்ச்சவும் தரை கழுவவும் வீடுதோறும் காரப்பொடி வைத்திருந்தார்கள். சர்க்கரை போலவே வெண்ணிறத் தூள். குழந்தைகள் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். சுருங்கிய உணவுக்குழாய்களை விரிவுபடுத்திக்கொண்டே இருப்பதோடு ஜாக்சன் நிற்கவில்லை. அந்தப் பொடியின் டப்பாமீது 'நஞ்சு' என்று அச்சிட வேண்டும், முதலுதவிக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார். 1927-ல் அதற்கான நடுவண் சட்டம் நிறைவேறியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறுவைக்கூடத்துக்கு வெளியே செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நாங்கள் அறியோம்.

ஆனால் படிக்கத் தெரியாத குழந்தையை எழுத்து தடுக்குமா? அது பெற்றோரை எச்சரிக்கும், அவ்வளவுதான். குழந்தையின் விரல்களையே தடுக்கும் மூடி வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் சட்டமாவதற்கு மேலும் 43 ஆண்டுகள் பிடித்தன. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அத்தகைய மூடிகளைச் சோதிக்கும் முறை சுவையானது. மூன்றரை முதல் நான்கேகால் வயது வரையுள்ள குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிடம் திறக்கச் சொல்கிறார்கள். பிறகு திறந்து காட்டி, பல்லால் கடித்துத் திறந்தாலும் சரி என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் தருகிறார்கள். திறந்து காட்டுவதற்கு முன் நூற்றுக்கு 85 குழந்தைகளாலும், காட்டிய பின்னும் 80 குழந்தைகளாலும் திறக்க முடியாமல் இருந்தால்தான் மூடி தேறும். அதே மூடியை 50 முதல் 70 வயது வரையுள்ளோர் திறக்கவும் முடிய வேண்டும். நூற்றுக்கு இருபது குழந்தைகள் திறந்தாலும் மூடி தேறுகிறது என்பதைக் கவனியுங்கள். இவ்வகை மூடி குழந்தையைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. அந்த அரை நிமிடத்தைக் கடக்க அந்தத் தாமதமே பல நேரம் போதும். நம் கடைகளில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் சிலவற்றில், அழுத்தித் திருகும் மூடியோ பக்கவாட்டில் பிதுக்கித் திருகும் மூடியோ உண்டு. விலை சற்றுக் கூடினாலும் அவற்றையே வாங்குங்கள். வாங்கிய பின் அந்த மூடியை எறிந்துவிட்டு, ஊற்ற வசதியாக வேறு பாட்டிலுக்கு மாற்றினால் கொடுத்த பணம் வீண்.

சுண்ணாம்பையும் மறந்துவிடக் கூடாது. வெற்றிலை போடும் தாத்தாவின் இடுப்பில் செருகியிருக்கும் அந்தச் சிறு பிளாஸ்டிக் பாக்கெட் குழந்தைக்கு விளையாட்டுப் பொருள். முகத்தருகே வைத்து அமுக்கினால் மெல்லிய உறை கிழிந்து சுண்ணாம்பு நேராகக் கண்ணில் பீறிட்டு அடிக்கிறது. சுண்ணாம்பு காரம்; கருவிழியை வெந்து வெளுக்கச் செய்யும். பழைய சுண்ணாம்பு டப்பா அழகுப் பொருளாக ஒதுங்கிவிட்டது. எங்களைக் கேட்டால் அதைத் திரும்ப எடுக்கச் சொல்வோம். திருகு மூடியுள்ள உலோக டப்பா அமுக்கினால் பீறிடாது.

கலம் எதனால் ஆனது என்பதும் கவனிக்கத் தக்கதே. காஸ்டிக் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரம் அரிக்கப்பட்டு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். பிளீச்சிங் பவுடரைத் தகர டப்பாவில் வைத்தால் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகும். ஆசிட் இருந்த பாட்டிலில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி, மூடிய குளியலறையில் இருப்பவரை மூச்சுத்திணற வைக்கும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதில்லை. எந்தப் பொருள் எந்தக் கலத்துக்குப் பொருந்தும் என்பதைத் தயாரித்தவர் அறிவார். அவர் தந்த கலத்திலேயே அது தீரும்வரை இருக்கட்டும்.

இந்த விதியை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போர் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. அதற்கான புகையற்ற வெடிமருந்துத் தூளை வேறு கலத்துக்கு மாற்றவே கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை. காரணம் இரண்டு. பெயர்ச்சீட்டு இல்லாத தூள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்வையால் உறுதி செய்ய முடியாது. அடுத்தது, தீப்பற்றினால் உள்ளே அழுத்தம் சேராமல் எளிதில் பிளந்துகொடுக்கும்படி அதன் சொந்தக் கலம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதே தூளை இறுக மூடிய கனமான இரும்புக் கலத்தில் வைத்தால் அது குண்டாகிவிடும். கனமான கலமே பாதுகாப்பானது என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறு. இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தீபாவளி மறுநாள் வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டி, மீதியைத் தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ அடைத்துப் பற்றவைக்கும் சிறுவர்கள் நம் தெருக்களில் உண்டு. காகிதத்தில் குப்பென்று எரியும் தூள் டப்பாவுக்குள் வெடித்துச் சிதறுகிறது. சிதறிய கண்ணாடியும் தகரமும் விரல்களையும் கண்களையும் என்ன செய்யும் என்பதை அந்த வாரத்தில் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் காணலாம். வெடிக்காத பட்டாசைத் தண்ணீரில் ஊறப்போட்டு அப்புறப்படுத்துவது பெரியவர்களின் வேலை. சிறுவர்களிடம் விட்டுவிடும் வேலை அன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். "பூட்டிய அலமாரி, உயரமான பரண், கம்பெனிப் பாட்டில் எல்லாம் உள்ளவர்களுக்குச் சரி. ஒரே அறையில் ஆறு பேர் வாழும் எங்களுக்கு?" நியாயமான கேள்வி. நூறு மில்லி, இருநூறு மில்லி என்று சில்லறையாக வாங்குபவர் பாட்டிலைக் கொண்டுதான் போக வேண்டும். அவர்களுக்கு எங்கள் விடை இதுவே: தேவைக்கு மட்டும் வாங்குங்கள், அன்றே தீருங்கள், மீதியைச் சேமிக்காதீர்கள். சேமித்தே ஆக வேண்டுமெனில், உணவுப் பொருள் ஒருபோதும் வராத உருவமுடைய கேன் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, பெரிதாக ஒரு பெருக்கல் குறியைச் சிவப்புப் பெயிண்டால் வரைந்து, துணிப்பையில் இட்டுச் சுவரில் உயரமான ஆணியில் மாட்டுங்கள். சமையல் மேடைக்குக் கீழே மட்டும் வேண்டாம். தவழும் குழந்தைக்குக் கைக்கெட்டும் முதல் இடம் அதுதான். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் மண்ணெண்ணெய் பயன்படுத்தும் எளிய குடும்பங்களுக்குக் குழந்தைகள் திறக்க இயலாத மூடியுடன் கூடிய கேன்களை இலவசமாக வழங்கிப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் குழந்தைகள் மண்ணெண்ணெய் குடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாட்டில் நிரப்ப வருபவருக்கு அத்தகைய கேன் ஒன்றைக் கொடுக்க நம் அரசால் முடியாதா?

ஆயினும் கலத்தால் எல்லாம் தீரும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இலங்கையின் அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதிக் கிராமங்களின் வேளாண் குடும்பங்களுக்குப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கும் பெட்டிகளை வழங்கி ஆராய்ந்தார்கள். தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள நஞ்சருந்துவது அந்தப் பெட்டிகளால் குறையவில்லை என்று 2017-ல் முடிவு வெளியானது. பெட்டியின் சாவி வீட்டிலேயே இருக்கிறது அல்லவா? அதே நாட்டில், மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1990-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தபோதுதான் அத்தகைய மரணங்கள் பெருமளவு குறைந்தன. அறியாமல் குடிக்கும் குழந்தைக்கு மூடி போதும். மனம் உடைந்த பெரியவருக்கு அது போதாது. அந்த மருந்து வீட்டிலேயே இல்லாதிருக்க வேண்டும். உடனிருந்து கேட்கும் ஒரு மனிதரும் வேண்டும். வீட்டில் ஒருவர் வாழ்வை வெறுத்துப் பேசத் தொடங்கினால், நஞ்சுள்ள பொருள்களை அன்றே உறவினர் வீட்டுக்கு அகற்றிவிட்டு எங்களிடம் அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மருந்து மாத்திரைகளுக்கும் இதே விதிதான். கர்ப்பிணித் தாய்க்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய். ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. அட்டையிலிருந்து பிரித்துப் பழைய டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பூஜை மாடத்தில் திறந்து கிடக்கும் கற்பூரக் கட்டியும் அத்தகையதே. சிறு குழந்தைக்கு வலிப்பு வரச் செய்ய அதில் சிறிதளவே போதும்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் தவறு நேர்ந்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். ஆசிட்டுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சைச் சாறு என்று மாற்று கொடுக்க வேண்டாம். வாயைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ உடையில் சிந்தியிருந்தால் உடையைக் களைந்து தோலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் வேறெதற்கும் முன், சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது ஊற்றிக் கழுவிய பிறகு புறப்படுங்கள். வண்டிக்கு 108-ஐ அழையுங்கள். புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற எண்ணில் மருத்துவர்களும் பொதுமக்களும் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.

வரும்போது அந்தப் பாட்டிலை, மீதித் திரவத்தோடும் மூடியோடும், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கையோடு எடுத்து வாருங்கள். பூச்சிமருந்தாக இருந்தால் அதன் சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறம் அதன் கொடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. முறிமருந்தின் பெயரும் அதே சீட்டில் அச்சாகியிருக்கும். சீட்டில்லாத பாட்டில் வந்தால் நாங்கள் நிறத்தையும் மணத்தையும் குழந்தையின் கண்மணியின் அளவையும் கொண்டு ஊகித்தே தொடங்க வேண்டியிருக்கிறது.